தீக்குப் பின் வந்த ஒலி

பொதுக்காலம் 19ஆம் ஞாயிறு மறையுரை



இன்றைய முதல் வாசகத்தில் எலியா ஒரு குகைக்குள் இருக்கிறார். அரசி ஈசபேல் உயிரை எடுத்துவிடுவாள் என்ற பயத்தில் நாற்பது நாள் நடந்து ஓரேபு மலைக்கு வந்து சேர்ந்தவர். வழியில் ஒரு செடியின் அடியில் படுத்து, சாவு வந்தால் போதும் என்று கேட்டவர். வெளியே மலையைப் பிளக்கிற காற்று அடிக்கிறது, தரை நடுங்குகிறது, தீ எழும்புகிறது. இவை எதிலும் ஆண்டவர் இல்லை என்று வாசகம் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டே போகிறது. எல்லாம் ஓய்ந்த பிறகு, காதுக்கு எட்டியும் எட்டாமலும் ஓர் ஒலி கேட்கிறது. எலியா போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு குகை வாசலுக்கு வருகிறார்.

இந்த வாசகம் வரும்போதெல்லாம் அந்த மெல்லிய ஒலியைப் பற்றித்தான் மறையுரை வைப்போம். நானும் பலமுறை வைத்திருக்கிறேன். எலியா முதுகைச் சாய்த்துக்கொண்டிருந்த பாறையைப் பற்றி மட்டும் நான் நினைத்ததே இல்லை. ஓரேபு அல்லது சீனாய் என்று மரபு நமக்குக் காட்டும் மலைப்பகுதி பெரும்பாலும் சிவந்த கிரானைட் பாறை. சுமார் 60 கோடி ஆண்டுகளுக்கு முன் அது பூமிக்கடியில் உருகிய குழம்பாக இருந்து, மெல்ல ஆறி இறுகியது. எலியா தீக்கு ஒதுங்கி நின்ற இடமே ஒரு காலத்தில் தீயாகக் கொதித்த இடம். இது மனதில் பட்ட நாளிலிருந்து, பாறைகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடித் தேடிப் படித்து வருகிறேன். அதில் ஒன்றை இன்று உங்களிடம் சொல்ல வேண்டும்.

1943 பிப்ரவரி 20. மெக்சிகோ நாட்டின் மிச்சோவகான் மாநிலம். புரேபெச்சா பழங்குடி மக்கள் வாழும் மலைநாடு. பரீக்குட்டின் என்ற சிற்றூரைச் சேர்ந்த தியோனிசியோ புலிதோ என்ற விவசாயி, மக்காச்சோளம் விதைப்பதற்காகத் தன் வயலைச் சீர்செய்துகொண்டிருந்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே தரைக்கடியில் இடி உருளுவதுபோல் சத்தம். அண்ணாந்து பார்த்தால் வானத்தில் ஒரு மேகம் இருக்காது. நிலமும் அடிக்கடி அதிர்ந்தது. அவர் வயலில் வெகுகாலமாக ஒரு குழி இருந்தது. எவ்வளவு குப்பை கூளத்தைக் கொட்டினாலும் நிரம்பாது. அன்று சாயங்காலம் நாலு மணி வாக்கில் அந்த இடத்தில் தரை வெடித்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண் ஆளுயரத்துக்கு மேல் எழும்பியது. உஸ்ஸென்று இரைச்சல், சாம்பல் நிறப் புகை, தொண்டையை அடைக்கும் கந்தக நெடி. பக்கத்து மரங்கள் எரியத் தொடங்கின. மனைவியும் மகனும் எங்கே, மாடுகள் எங்கே என்று தேடித் தவித்த அந்த மனிதர், தங்கள் வட்டாரக் கோவிலில் இருந்த பாடுபட்ட சுரூபத்தை, 'அற்புதங்களின் ஆண்டவர்' என்று அந்த மக்கள் அழைக்கும் இயேசுவை, பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். பின்னாளில் அவரே இதைச் சொன்னார்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தபோது, உழவு நிலத்தின் நடுவே ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்தில் ஒரு குன்று. ஒரே வாரத்தில் அது 100 மீட்டரைத் தாண்டியது. ஓராண்டில் 336 மீட்டர். ஒன்பது ஆண்டுகள் கக்கிவிட்டு 1952 மார்ச்சில் அது அடங்கியபோது வயல்மட்டத்திலிருந்து 424 மீட்டர். நம் பரங்கிமலை ஏறக்குறைய 300 அடி. அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேலான ஒரு மலை, ஒரு மனிதரின் சோளக்காட்டில் முளைத்துவிட்டது! ஓர் எரிமலை பிறந்ததிலிருந்து ஓய்ந்தது வரை முழுவதையும் அறிவியலாளர்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக் குறித்துவைத்த அரிய நிகழ்வு இது. சாம்பல் விழுந்து பயிர்கள் கருகின, ஆடுமாடுகள் செத்தன. எரிமலைப் புகைக்குள் உண்டான மின்னல் தாக்கி மூன்று பேர் இறந்தார்கள். சுமார் 25 சதுர கிலோமீட்டர் நிலம் குழம்புக்கு அடியில் போனது. தியோனிசியோவின் வயல் இனி யாராலும் உழ முடியாத இடம்.

ஏன் அவருடைய வயலில்? இந்தக் கேள்விக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம்.

முதல் பதிலை மண் சொல்கிறது. பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லை. பெரிய பெரிய தட்டுகளாக இருக்கிறது, அவை நகர்ந்துகொண்டே இருக்கின்றன. மெக்சிகோவுக்கு மேற்கே கடலடியில் கோகோஸ் தட்டு என்ற ஒன்று நிலப்பகுதிக்கு அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. நம் நகம் வளர்வதைவிடக் கொஞ்சம்தான் வேகம். கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலில் ஊறிய பாறை அது. நீரையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. ஆழத்தின் அழுத்தத்திலும் சூட்டிலும் அந்த நீர் பிழியப்பட்டு மேலே இருக்கும் பாறைக்குள் ஏறுகிறது. ஏற்கெனவே கடுமையான சூட்டில் இருக்கும் அந்தப் பாறை நீர் சேர்ந்ததும் எளிதாக உருகிவிடுகிறது. பாறையை உருகவைப்பது தண்ணீர் என்று முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். உருகியது சுற்றியுள்ள பாறையைவிட இலேசு. தண்ணீருக்கு மேலே எண்ணெய் வருவதுபோல் அது மேல்நோக்கி வருகிறது. வழி கிடைத்த இடத்தில் வெளியே வருகிறது. சுமார் 1,100 பாகை செல்சியஸ் சூட்டில்.

கண்டங்கள் பெரும்பாலும் இப்படித்தான் உண்டாயின. பூமியின் ஆதிக் காற்றும் கடலை நிரப்பிய நீரில் ஒரு பங்கும் எரிமலைகளின் வாய் வழியாக வந்தவை. எரிமலைச் சாம்பல் மக்கி மண்ணானால் அதைப் போன்ற விளைச்சல் மண் கிடைப்பது அரிது. இன்று அதே மிச்சோவகான்தான் மெக்சிகோவிலேயே மிக அதிகமாக அவகாடோ பழம் விளைவிக்கும் மாநிலம். தொடக்க நூலில் மூன்றாம் நாள் நீர் ஒதுங்கித் தரை தோன்றுகிறது. அந்த மூன்றாம் நாள் இன்னும் முடியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தரை இன்னும் தோன்றிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது பதில் மனிதர் சொல்வது. அதைக் கேட்டு நான் கலங்கிப்போன ஒரு நாளைச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நம் கடற்கரையில் ஆழிப்பேரலை செய்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கோவிலில் உட்கார்ந்திருக்கும் சிலர் அன்று யாரையாவது இழந்தவர்கள். நான் அப்போது குருமட மாணவன். நிவாரணப் பணிக்கு ஒரு மீனவக் குப்பத்துக்குப் போயிருந்தோம். பள்ளிக்கூடத் திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு சின்னச் செருப்பு, ஒற்றைச் செருப்பு. அப்போது தெருவில் போன ஒரு வண்டியில் ஒலிபெருக்கி வைத்து யாரோ பேசிக்கொண்டு போனார்கள். கடவுள் கோபத்தில் அனுப்பிய தண்டனை, மனந்திரும்புங்கள் என்று. பாட்டி என்னை நிமிர்ந்து பார்த்து, "பிரதர், நாங்க என்ன பாவம் பண்ணினோம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். இரண்டு ஆண்டு மெய்யியல் படித்திருந்தேன். அந்தத் திண்ணையில் அது எதுவும் உதவவில்லை.

பாட்டிக்கு அன்று சொல்ல முடியாததை இன்று சொல்கிறேன். அம்மா, நீங்கள் செய்த பாவம் எதுவும் அந்த அலையைக் கொண்டுவரவில்லை. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் ஒரு தட்டு மற்றொரு தட்டுக்கு அடியில் காலங்காலமாக நுழைந்துகொண்டிருந்தது. சிக்கி நின்ற இடம் அன்று காலையில் விடுபட்டது. அந்தமான் கடலில் இந்தியாவின் ஒரே செயல்படும் எரிமலையான பேரன் தீவை எழுப்பியதும் இதே நகர்வுதான். நிலத்தை உண்டாக்கும் கைதான் அன்று நிலத்தை உலுக்கியது. அதில் யாரையும் குறிவைத்த கோபம் இல்லை. நான் சொல்வதை நம்ப வேண்டாம், நம் ஆண்டவர் சொன்னதை நம்புங்கள். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைப் பற்றி லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் அவரே பேசுகிறார். எருசலேமில் வாழ்ந்த மற்றவர்களைவிட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று கேட்டு, அப்படி இல்லை என்று அவரே சொல்லிவிடுகிறார். மனந்திரும்பச் சொல்கிறார், உண்மைதான். அதை உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துச் சொல்கிறார். இறந்தவர்கள்மேல் அவர் ஒரு சொல்கூடப் போடவில்லை. இழவு வீட்டு வாசலில் நின்று பாவக்கணக்குப் பார்ப்பவர்கள் ஆண்டவரின் பெயரால் பேசுவதில்லை. இதைப் பங்குத்தந்தை என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்.

அப்படியானால் ஆண்டவர் எங்கே இருந்தார்?

அதற்குப் போகும் முன் உங்களைப் பரங்கிமலைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நம்மில் பலர் தவக்காலத்தில் அந்தப் படிகளில் வெறுங்காலோடு ஏறியவர்கள். திருத்தூதர் தோமா தம் இரத்தத்தைச் சிந்தினார் என்று நம் மரபு சொல்லும் மலை. அடுத்த முறை போகும்போது படியோரத்தில் தலைநீட்டிக்கொண்டிருக்கும் பாறையைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். நீலம் கலந்த சாம்பல் நிறம். வெயில் படும்போது சிறு சிறு மணிகளாக மின்னும். நாம் கருங்கல் என்று சொல்லிவிடுவோம். அறிவியல் அதற்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்திருக்கிறது. அந்தப் பெயர் வந்த கதை ஒரு கல்லறையிலிருந்து தொடங்குகிறது. கொல்கத்தா நகரத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு இங்கிருந்து கல் போயிருக்கிறது. 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தக் கல்லை ஆராய்ந்து, கல்லறைக்குரியவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். உலகத்தின் எந்த மூலையில் இந்த வகைப் பாறை கிடைத்தாலும், பரங்கிமலை, பல்லாவரம் பாறையோடு ஒப்பிட்டுத்தான் பேசுவார்கள்.

அந்தப் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. பூமியின் மேற்பரப்பிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700, 800 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் அது இன்றைய உருவத்தை அடைந்தது. அங்கே வெடிப்பு இல்லை, புகை இல்லை. பார்ப்பதற்கு ஒரு கண்ணும் இல்லை. மேலே மூடியிருந்த பாறையை மழையும் காற்றும் கரைத்துக் கரைத்துக் கொண்டுபோன பிறகுதான் அது வெளிச்சத்துக்கு வந்தது.

நம் வீட்டுச் சமையலறையில் இதைப் பார்க்கலாம். சர்க்கரைப் பாகைச் சட்டென்று ஆறவைத்தால் கண்ணாடி போன்ற மிட்டாய் கிடைக்கும், உள்ளே மணி எதுவும் இருக்காது. அதே பாகில் ஒரு நூலைத் தொங்கவிட்டு, யாரும் ஆட்டாமல் அசைக்காமல் நாள் கணக்கில் விட்டுவைத்தால் கற்கண்டு விளையும். பாறையும் அப்படித்தான். எரிமலை வாயிலிருந்து வந்து சீக்கிரம் ஆறிய கல்லில் மணிகள் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியவை. ஆழத்தில் நின்று நிதானமாக ஆறிய கல்லில் மணிகள் விரல்நுனிக்குத் தட்டுப்படும். பரீக்குட்டின் ஒன்பது ஆண்டுகள் முழங்கியது, உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பூமியின் உள்ளே உருகும் குழம்பில் மேலே வந்து வெடிப்பது சிறு பங்குதான். பெரும்பங்கு அடியிலேயே தங்கி, சத்தமில்லாமல் பாறையாகிறது.

ஓரேபு மலை எலியாவுக்குக் கற்றுக்கொடுத்ததும் இதுதான் என்று நான் நினைக்கிறேன். கர்மேல் மலையில் வானத்திலிருந்து தீ இறங்கியதைப் பார்த்தவர் அவர். ஊரே கூடி நின்று ஆர்ப்பரித்ததைக் கேட்டவர். அப்படிப்பட்டவரை ஆண்டவர் ஒரு குகைக்கு வரவைத்து, அடங்கிய குரலில் பேசுகிறார். நீங்களும் என்னிடம் வந்து கேட்கிறீர்கள்: "ஃபாதர், பத்து வருஷமா ஜெபமாலை சொல்றேன், என் மகன் திருந்தலையே." "தியானத்துக்குப் போனேன், எல்லாரும் அழுதாங்க, எனக்கு ஒண்ணுமே ஆகலை." உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று யார் சொன்னது? வெடிக்கவில்லை என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். கீழே என்ன மணி விளைந்துகொண்டிருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இன்றைய நற்செய்திக்கு வருவோம். பாறை என்று ஆண்டவரே பெயர் கொடுத்த பேதுரு தண்ணீர்மேல் கால்வைக்கிறார். கல் மிதக்குமா? எரிமலைக் கல்லில் மிதக்கிற கல்லும் உண்டு. கால் தேய்க்கக் கடையில் வாங்குகிறோமே, அந்த நுரைக்கல். உள்ளெல்லாம் காற்றுக் குமிழி என்பதால் அது மூழ்காது. 1883இல் கிரக்கட்டோவா எரிமலை வெடித்தபோது வந்த நுரைக்கற்கள் திட்டுத் திட்டாக இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரை வரை மிதந்து போயின. பேதுரு அந்த வகைக் கல் இல்லை. கனமான கல். காற்றைப் பார்த்துப் பயந்ததும் மூழ்கத் தொடங்குகிறார். ஆண்டவர் அவரைத் திட்டுவதற்கு முன்பே கையை நீட்டிப் பிடித்துவிடுகிறார். மத்தேயு இதை அதே வரிசையில்தான் எழுதியிருக்கிறார், வீட்டுக்குப் போய் வாசித்துப் பாருங்கள். முதலில் கை, பிறகுதான் கேள்வி.

ஆண்டவர் எங்கே இருந்தார் என்று கேட்டேன். பரீக்குட்டினுக்குப் பக்கத்தில் சான் ஹுவான் பரங்காரிகுட்டிரோ என்ற பெரிய ஊர். தியோனிசியோ கூப்பிட்ட அற்புதங்களின் ஆண்டவர் சுரூபம் இருந்தது அங்கேதான். எரிமலை பிறந்து ஓராண்டுக்கு மேல் அந்த மக்கள் சாம்பலைக் கூரையிலிருந்து வாரி வாரிக் கொட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போகாமல் இருந்தார்கள். குழம்பு கல்லறைத் தோட்டத்தைத் தொட்ட பிறகு வேறு வழி இல்லை. 1944 மே மாதம் சிலுவையில் தொங்கும் அந்தச் சுரூபத்தைக் கோவிலிலிருந்து இறக்கித் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். உருவாபான் நகரைத் தாண்டிப் போய், ஒதுக்கப்பட்ட ஓர் இடத்தில் புதிய ஊர் கட்டினார்கள். புதிய சான் ஹுவான் என்று பெயர். சுரூபத்துக்குக் கோவில் கட்டினார்கள். பின்னாளில் தங்கள் காட்டை ஊர்ப் பொதுச் சொத்தாக வைத்து, கூடி உழைத்து, மெக்சிகோ முழுவதும் எடுத்துக்காட்டாகச் சொல்லும் அளவுக்கு நடத்திக் காட்டினார்கள்.

வழிநெடுக அந்தச் சுரூபத்தைச் சுமந்தவர்களின் தோள்களை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். பின்னால் எரிமலை முழங்கிக்கொண்டிருக்கிறது. மனிதர்களின் தோளில் ஆண்டவர் போய்க்கொண்டிருக்கிறார். அறைபட்ட கைகளோடு, ஊரிழந்தவர்களோடு ஊரிழந்தவராக. அந்தப் பாட்டியின் பக்கத்தில் நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, அடுத்த தெருவிலிருந்து ஒரு பெண் வந்து, எதுவும் பேசாமல், பாட்டியின் கையில் ஒரு டம்ளர் சுடுகஞ்சியைக் கொடுத்துவிட்டுப் போனார். அவரும் அந்த அலையில் எல்லாவற்றையும் பறிகொடுத்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. அன்று எனக்கு விளங்கவில்லை. எலியா முகத்தை மூடிக்கொண்டது எதைக் கேட்டு என்று இப்போது கொஞ்சம் விளங்குகிறது.

பழைய சான் ஹுவானின் கோவில் முழுதாக அழியவில்லை. கருத்த குழம்புப் பாறைகளுக்கு நடுவே அதன் கோபுரம் இன்றும் நிற்கிறது. மறுகோடியில் பீடம் இருந்த இடமும் மிஞ்சி நிற்கிறது. கால் வைத்தால் குத்தும் அந்தப் பாறைகள்மேல் தாவி ஏறி மக்கள் இன்றும் அங்கே போகிறார்கள். பீடத்தில் மலர் வைக்கிறார்கள், மெழுகுதிரி ஏற்றுகிறார்கள்.

நம் பீடமும் கருங்கல்தான். திருப்பலி தொடங்கும்போது நான் குனிந்து அதை முத்தமிடுவதைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு வெயில் நாளிலும் அந்தக் கல் உதட்டில் சில்லென்று இருக்கும். இன்று காலை முத்தமிட்டபோது, இது எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு காலம் ஆறியதோ என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்தேன்.

இப்போது சிறிது நேரம் மௌனமாக இருப்போம். மின்விசிறிகளைக்கூட நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். பிறகு நம்பிக்கை அறிக்கைக்கு எழுந்து நிற்கலாம்.